வெட்டினால் மட்டும் போகாது: வீட்டு வளாகத்தின் ஆக்கிரமிப்புச் செடிகளை மருந்தடிக்காமல் ஒழிப்பது

கேள்வி இதுதான்: வீட்டைச் சுற்றியுள்ள காலியிடத்தில் பார்த்தீனியம், உண்ணிச்செடி, கோரை மூன்றும் மண்டிக் கிடக்கின்றன. வேலியோரம் மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியா தரை தெரியாமல் படர்ந்திருக்கிறது. ஆள் வைத்து இரண்டு முறை வெட்டியாயிற்று. மழை பெய்ததும் முன்பைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. குழந்தைகளும் நாயும் விளையாடுகிற இடம் என்பதால் களைக்கொல்லி அடிக்க மனமில்லை. வேறு வழி உண்டா?

உண்டு. வீட்டு வளாகம் அளவுக்கான இடம் என்றால் மருந்தே இல்லாமல் பார்த்தீனியம், உண்ணி, வெடேலியா மூன்றையும் ஒழித்துவிடலாம். கோரையை ஒழிப்பது கடினம். ஆனால் அது தொல்லை தராத அளவுக்குக் கொண்டுவர முடியும். ஒரு சனி ஞாயிறில் முடிகிற வேலை இல்லை என்பதை மட்டும் முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் வருடம் உழைப்பு அதிகம், இரண்டாம் வருடம் பாதியாகும், மூன்றாம் வருடத்திலிருந்து நடந்துபோகும்போது குனிந்து பிடுங்குகிற வேலைதான் மிஞ்சும்.

இரண்டு முறை வெட்டியும் திரும்ப வந்ததற்கு வெட்டியவர்களைக் குறை சொல்ல வேண்டாம். இந்த நான்கு செடிகளுக்கும் உயிர்நிலை நான்கு வெவ்வேறு இடங்களில் இருக்கிறது. பார்த்தீனியத்துக்கு விதையில். உண்ணிக்குத் தண்டும் வேரும் சேர்கிற தூரில். கோரைக்கு மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கில். வெடேலியாவுக்கு ஒவ்வொரு கணுவிலும். அரிவாள் போட்டபோது நான்கிலும் இலையும் தண்டும்தான் போயின, உயிர்நிலையை யாரும் தொடவே இல்லை. போதாக்குறைக்கு, வெட்டியதால் தரைக்கு வெளிச்சம் கிடைத்தது. மேல்மண்ணில் தூங்கிக்கொண்டிருந்த விதைகளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. முன்பைவிட அடர்த்தியாக வந்ததன் காரணம் இதுவே.

ஆகவே எந்தச் செடியாக இருந்தாலும் ஆயுதத்தை எடுக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று: இது மறுபடி எங்கிருந்து வரும்? விடை தெரியவில்லையென்றால், மண் ஈரமாக இருக்கும்போது நடுத்தரமான ஒரு செடியை வேரோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் மண்ணைக் கழுவிவிட்டுப் பாருங்கள். ஒற்றை ஆணிவேர் நேராக இறங்கியிருந்தால் பிடுங்கினாலே வேலை முடியும். பக்கவாட்டில் வேர்த்தண்டு ஓடி, அதில் முளைகள் இருந்தால் பிடுங்குவதைவிடப் பட்டினி போடுவது மேல். தரையில் ஓடும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விட்டிருந்தால் ஒரு துண்டும் மிஞ்சாமல் சுருட்டி எடுக்க வேண்டும். தண்டின் அடிப்பகுதி தடித்து முடிச்சாக இருந்து, பழைய வெட்டுக்குப் பக்கத்தில் இளந்துளிர் தெரிந்தால் தூரையே எடுத்தாக வேண்டும்.

பார்த்தீனியத்தில் நேரம்தான் எல்லாமே. முளைத்த ஒன்றிரண்டு மாதத்திலேயே பூத்துவிடும், நன்றாக வளர்ந்த ஒரு செடி பதினைந்தாயிரத்துக்கு மேல் விதை கொட்டும். அதனால் இதைப் பூவுக்கு முன் எடுக்க வேண்டும். இளஞ்செடியாக இருக்கும்போது இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாக விரிந்திருக்கும். மழை பெய்த மறுநாள் அந்த வட்டத்தின் நடுவில் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். மண் காய்ந்திருந்தால் தூரோடு ஒடிந்து, மிஞ்சிய அடியிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். அதனால் காய்ந்த மண்ணில் பிடுங்க வேண்டாம். தண்ணீர் விட்டு ஊறவைத்துவிட்டுப் பிடுங்குங்கள், அல்லது களைக்கொத்தியால் வேரோடு நெம்பி எடுங்கள். இந்தச் செடி பலருக்குத் தோலில் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். மகரந்தத்தால் மூக்கடைப்பும் மூச்சுத்திணறலும் வரும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். ஒருமுறை உடம்பு தடித்தவர்கள் மறுபடி இதன் பக்கம் போகாமல் வேறொருவரிடம் விட்டுவிடுவதுதான் நல்லது, ஏனென்றால் ஒவ்வாமை ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும்.

பார்த்தீனிய இலையைப் பழுப்புக் கோடுகள் போட்ட வெளிர்நிறச் சிறு வண்டு தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தால் அதை விட்டுவிடுங்கள். மெக்சிகோவைச் சேர்ந்த இந்த வண்டு, பார்த்தீனியத்தைக் கட்டுப்படுத்தவென்றே 1980-இல் ஆஸ்திரேலியாவிலும் 1984-இல் இந்தியாவிலும் விடப்பட்டது. உங்கள் வேலையில் ஒரு பகுதியை அது செய்கிறது.

அடுத்து உண்ணிச்செடி. இதைத் தரை மட்டத்தில் வெட்டுவதுபோல வீண்வேலை வேறில்லை. தண்டும் வேரும் சேர்கிற இடத்தில், மண் மட்டத்தை ஒட்டி, துளிர்க்கும் மொட்டுகள் கூட்டமாக இருக்கின்றன. மேலே வெட்ட வெட்ட அவை ஒன்றுக்குப் பத்தாக எழும்பும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபுவும் அவர் குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்துகாட்டிய முறை இதற்கு அருமையான விடை. மண்ணுக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே, அந்தத் துளிர்ப் பகுதிக்கு அடியில், ஆணிவேரை வெட்ட வேண்டும். வெட்டிய புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும், தூர் மண்ணைத் தொடவே கூடாது. அவ்வளவுதான். குழி தோண்ட வேண்டாம், மண்ணைப் புரட்ட வேண்டாம். ஆழத்தில் இருக்கிற வேர் தானாக மட்கிப்போகும்.

வீட்டில் இதைச் செய்யும் விதம்: முதலில் ஒரு நீளக் கம்பால் புதரைத் தட்டிக் கலையுங்கள். உள்ளே பாம்போ பறவைக்கூடோ இருக்கலாம். கூட்டில் குஞ்சு இருந்தால் அவை பறந்து போகும்வரை அந்தப் புதரை விட்டுவையுங்கள், அதற்குள் ஒன்றும் கெட்டுவிடாது. பிறகு முள்ளுக் கிளைகளை இடுப்பளவில் கழித்துவிட்டு, நடுத்தண்டுகளைப் பிடிமானத்துக்காக விட்டுக்கொள்ளுங்கள். தூரைச் சுற்றி ஒரு கையளவு மண்ணைக் களைக்கொத்தியால் விலக்குங்கள். முடிச்சாகப் பருத்த பகுதி முடிந்து, வேர் ஒரே சீராக இறங்கத் தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். அதற்குக் கீழே கூர்மையான மண்வெட்டியைச் சாய்வாக வைத்து ஒரே போடாகப் போடுங்கள். ஒருவர் தண்டை எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டால் வேர் விறைப்பாக நிற்கும், வெட்டு சுத்தமாக விழும். பச்சைக் காய்கள் நச்சு. நாயும் குழந்தைகளும் இருப்பதால் கீழே உதிர்ந்தவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இலையும் ஆடு மாடுகளுக்கு நச்சுதான், தீவனமாகப் போட்டுவிடக் கூடாது.

உண்ணிப் பழத்தைத் தின்ற பறவைகள் எங்கே உட்காருமோ அங்கேதான் அடுத்த நாற்றுகள் வரும். மரத்தடி, மதிலோரம், கம்பிக்கு நேர் கீழே உள்ள தரை, இந்த மூன்று இடங்களையும் மழைக்குப் பின் பார்த்துவந்தால் போதும். விரல் நீள நாற்றை இரண்டு விரலால் எடுத்துவிடலாம்.

சீமைக்கருவேலத்துக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு, ஆனால் ஆழம் கூடுதல். மண்ணுக்குள் ஒரு சாண் வரை தோண்டி, துளிர் மொட்டுகள் இருக்கும் கழுத்துப் பகுதி முழுவதும் வெளியே வரும்படி வெட்ட வேண்டும். கழுத்தில் ஒரு பகுதி மிஞ்சினாலும் ஒற்றை மரம் நின்ற இடத்தில் புதர் நிற்கும். பெரிய மரமாக இருந்தால், மதில் அல்லது கழிவுநீர்க் குழாய் அருகே இருந்தால், தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். சூபாபுல் இன்னொரு பிடிவாதக்காரன். வெட்டிய அடிமரத்திலிருந்து வரும் துளிர்களைப் பிஞ்சிலேயே கையால் ஒடித்துக்கொண்டே வந்தால் அடிமரம் சத்திழந்து சாகும். அதன் விதையோ மண்ணில் பத்து, இருபது வருடம்கூட உயிரோடு கிடக்கும், எனவே காய் முற்றவிடாமல் வைப்பதுதான் முதல் வேலை.

இனி கோரை. உலகத்திலேயே மோசமான களை என்று களை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இதைத்தான். பல நாடுகளில் இது வந்தேறி, வேறு பல இடங்களில் மண்ணின் செடியே. எப்படியானாலும் தோட்டத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

ஒரு கோரைத் தாளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வெள்ளை அடியோடு சுலபமாக வந்துவிடும், வெற்றி கிடைத்தது போலத் தோன்றும். இப்போது அதே இடத்தில் கடப்பாரையால் நெம்பி, ஒரு சாண் ஆழத்து மண்ணை உடையாமல் கட்டியாக எடுத்து, விரலால் மெல்ல உதிர்த்துப் பாருங்கள். மெல்லிய கறுத்த வேர்த்தண்டு ஒன்று ஓடும். அதில் கொஞ்சம் இடைவெளிவிட்டுக் கறுப்பான சிறு கிழங்கு, மறுபடி வேர்த்தண்டு, மறுபடி கிழங்கு. கிழங்கை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்கும், வாசனையும் வரும். நீங்கள் பிடுங்கிய தாள் இந்தச் சங்கிலியின் ஒரு முனையில் மட்டும் நின்றது. சங்கிலி முழுதாக இருக்கும்வரை நுனியில் உள்ள கிழங்கு மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கும். வேர்த்தண்டு அறுந்ததும் அந்த அடக்குமுறை நீங்கி, தூங்கிய கிழங்குகள் ஒவ்வொன்றாக முளைக்கும். சுழல்கலப்பை ஓட்டினால் கோரை பத்து மடங்காவதற்குக் காரணம் இதுதான். கோரை இருக்கிற இடத்தில் எந்த இயந்திரத்தையும் மண்ணுக்குள் விடாதீர்கள்.

சிறிய பாத்தி என்றால் சல்லடை போட்டு எடுத்துவிடலாம். பெரும்பாலான கிழங்குகள் மேல் பதினைந்து சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும், சில மட்டும் முப்பதுக்கும் கீழே போகும். மண்ணைக் கட்டி கட்டியாக எடுத்து, சல்லடையில் உதிர்த்து, கிழங்கைப் பொறுக்கி, மண்ணைத் திரும்பப் போடலாம். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு கட்டில் அளவு பாத்திக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. பொறுக்கிய கிழங்கை மட்கும் குழியில் போட்டால் அங்கிருந்தே முளைக்கும். சிமெண்டுத் தரையில் கடும் வெயிலில் பரப்பிக் காயப்போடுங்கள். கோரைக் கிழங்குக்கு உலர்வு ஆகாது. நகம் இறங்காத அளவுக்குச் சுருங்கிக் காய்ந்துவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தம்.

பெரிய இடம் என்றால் பட்டினிதான் வழி. ஒவ்வொரு முளையும் கிழங்கின் சேமிப்பைச் செலவழித்துத்தான் மேலே வருகிறது. இலை விரிந்து உணவு சமைக்க ஆரம்பித்த பின்தான் அது கடனை அடைத்து, புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். ஐந்தாறு இலை வருவதற்குள் எடுத்துவிட்டால் கிழங்குக்குச் செலவு மட்டுமே, வரவு இல்லை. வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கில் மொட்டுகள் பல இருப்பதால் மறுபடி மறுபடி முளைக்கும், ஒவ்வொரு முறையும் மெலிந்துகொண்டே வரும். நடுவில் ஒரு மாதம் விட்டுவிட்டால் அது இழந்ததையெல்லாம் மீட்டுக்கொள்ளும். கோரையோடு தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு மாதத்தில்தான் தோற்கிறார்கள்.

கோரைக்கு நிழலும் ஆகாது. பட்டினி போட்டு மெலிந்த இடத்தில் உயரமான, அடர்ந்த இலையுள்ள செடிகளை நெருக்கி நட்டால் மிச்சமிருப்பதும் ஒடுங்கும். சாதாரண பாலித்தீன் விரிப்பை நம்ப வேண்டாம், கோரையின் கூர்முனை அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நெய்த வகைக் களைத்தடுப்புத் துணி அதைத் தாங்கும்.

வெடேலியாவை எடுப்பது பாயைச் சுருட்டுவது மாதிரி. ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி, முன்னால் இருப்பவற்றின் வேரைக் களைக்கொத்தியால் அறுத்துக்கொண்டே, கொடிகளைச் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போகலாம். இரண்டு பேர் இருந்தால் வேலை சுலபம். பெரிய சுருளைத் தூக்கியபின் தரையில் உதிர்ந்து கிடக்கும் துண்டுகள்தான் ஆபத்து. ஒரு கணு உள்ள துண்டு ஈரமண்ணில் கிடந்தாலே வேர்விட்டுவிடும். புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் ஓட்டினால் நூற்றுக்கணக்கான பதியன் போட்டதாக ஆகும். சுருட்டிய பிறகு துண்டுகளைக் குச்சிவாரியால் வாரி எடுங்கள். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் மிஞ்சியவை பச்சையாகக் கண்ணில் படும், அவற்றையும் எடுங்கள். அதற்குப் பிறகு காய்ந்த இலை போன்றவற்றால் தரையை மூடும் மூடாக்குப் போடலாம்.

மூடி வைத்துக் கொல்லும் முறைகளைப் பற்றிப் பெரிய குழப்பம் இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடி போன்ற தெளிவான விரிப்பும் கறுப்பு விரிப்பும் செய்வது வெவ்வேறு வேலை. தெளிவான விரிப்பு வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மேல்மண்ணில் இருக்கும் விதைகளும் நாற்றுகளும் சூட்டில் சாகும். இதை மண் வெப்பமூட்டல் என்பார்கள். இஸ்ரேலில் ஜேக்கவ் கட்டான் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் மண்ணில் உள்ள நோய்க்கிருமிகளைக் கொல்ல இதைப் பயன்படுத்தி 1976-இல் வெளியிட்டார்கள், களைவிதைகளுக்கும் அது பலித்தது. வருடத்தின் மிகச் சூடான காலத்தில், நாள் முழுதும் வெயில் விழும் இடத்தில் மட்டும்தான் இது பலிக்கும். தரையைச் சமன்செய்து, ஒரு முழ ஆழத்துக்கு நனையும்படி தண்ணீர் விட்டு, மெல்லிய தெளிவான பாலித்தீனை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்துவிட்டு நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். தண்ணீர் விடாமல் செய்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது, ஈரமண்தான் சூட்டை உள்ளே கடத்தும். முடிந்தபின் மண்ணைக் கொத்தாதீர்கள். கொத்தினால் ஆழத்தில் சாகாமல் கிடக்கும் விதைகள் மேலே வரும். பார்த்தீனியம் விதை கொட்டிய இடத்துக்கு இது நல்ல முறை. ஆழத்துக் கோரைக் கிழங்கையும் மரங்களின் வேரையும் இது ஒன்றும் செய்யாது.

கறுப்பு விரிப்பு அல்லது தடித்த தார்ப்பாய் வெளிச்சத்தைத் தடுத்துப் பட்டினி போடுகிறது. இதற்கு வெயில் வேண்டாம், பொறுமை வேண்டும். இளங்களைகள் சில வாரத்தில் வெளுத்துச் சாகும். வெடேலியா போன்ற படர்கொடிகளுக்கு ஒரு வளர்பருவம் முழுவதும் விட்டுவைப்பது பாதுகாப்பு. ஓரங்களில் வெளிச்சம் தேடித் தண்டு எட்டிப்பார்க்கும், வாரம் ஒருமுறை சுற்றிவந்து அதை நறுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது அட்டையும் மூடாக்கும் சேர்ந்த முறை, ஏனென்றால் முடிந்தபின் குப்பை எதுவும் மிஞ்சாது. களைகளை ஒட்ட வெட்டிவிட்டு, தரையை நனைத்து, ஒட்டுநாடாவும் கம்பிப் பின்னும் நீக்கிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி அடுக்குங்கள். இந்த மேற்பொருத்தத்தில் கஞ்சம் பிடித்தால் இடுக்கு வழியே களை வந்துவிடும். அட்டையையும் நனைத்து, அதன்மேல் காய்ந்த இலை, மரத்தூள், சிராய் எது கிடைக்கிறதோ அதைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். மரங்களின் அடியில் போடும்போது தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும். மூடாக்குக்குக் கொண்டுவரும் பொருளிலேயே களைவிதை இருக்கக்கூடும், பூத்துக் காய்ந்த புல்லைப் பரப்பினால் புதுக்களைக்கு நீங்களே விதை போட்டதாகும்.

அப்புறம் இந்த வினிகர், உப்பு, சோப்பு கலவை. ‘இயற்கைக் களைக்கொல்லி’ என்று எங்கு பார்த்தாலும் சொல்கிறார்கள், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். சாதாரண வினிகரில் இருக்கும் ஐந்து சதவீத அசெட்டிக் அமிலம் இலையைக் கருக்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. மறுநாள் கருகிய இலையைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைப்போம். பத்தே நாளில் தூரிலிருந்து துளிர் வரும். இருபது சதவீத அடர்த்தியில் விற்பதோ கண்ணையும் தோலையும் சுட்டுவிடும் இரசாயனம். அதை அடிப்பதற்கும் நீங்கள் தவிர்க்க நினைத்த மருந்தை அடிப்பதற்கும் என்ன வித்தியாசம்? உப்பு இன்னும் மோசம். இலை கருகியதற்குப் பிறகும் அது மண்ணிலேயே தங்கும். சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் கெடுத்து, தண்ணீர் இறங்காத கெட்டித் தரையாக ஆக்கிவிடும். பக்கத்து மரத்தின் வேரும் அதைத்தான் குடிக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பிளீச்சிங் எல்லாம் பேசவே வேண்டாதவை, அவை கிணற்றுக்கும் போகும். கொதிநீர் மட்டும் நல்லது: நடைபாதைக் கல் இடுக்கில், சிமெண்டு வெடிப்பில் முளைக்கும் சிறுசெடிகளுக்குச் சூடாக ஊற்றலாம். பெரிய செடிக்கு அது போதாது.

எரிப்பதும் வேண்டாம். பார்த்தீனியப் புகை ஒவ்வாமைக்காரர்களுக்கு ஆபத்து. வட அமெரிக்காவில் வசிப்பவர்கள் பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி இருக்கும் இடத்தில் எதையும் எரிக்கவே கூடாது. அதன் எண்ணெய் புகையோடு நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பிடுங்கியதை என்ன செய்வது என்பதில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. பூக்காத பார்த்தீனியம் தாராளமாக மட்குக் குழிக்குப் போகலாம், நல்ல உரம். பூத்தது, காய்த்தது போகக் கூடாது. விதை சாக வேண்டுமென்றால் குவியலின் உள்சூடு 55 முதல் 60 டிகிரி வரை ஏறி சில நாள் நிற்க வேண்டும், வீட்டுக் குவியல்களின் ஓரம் ஒருபோதும் அவ்வளவு சூடாவதில்லை. விதையுள்ளதைக் கறுப்புப் பையில் இறுகக் கட்டி வெயிலில் சில வாரம் வைத்து, உள்ளே கூழாக அழுகியபின் அப்புறப்படுத்தலாம். வெடேலியா, கோரை போன்றவற்றை மண்ணில் படாமல் தார்ப்பாயில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்கும்வரை காயவையுங்கள். வாய்க்காலிலோ காலிமனையிலோ கொட்டிவிடாதீர்கள். இந்தச் செடிகளில் பல ஊர் ஊராகப் பரவியது அப்படிக் கொட்டியதால்தான். மீன்தொட்டியிலோ சிறு குளத்திலோ வளர்த்த ஆகாயத்தாமரையும் இப்படித்தான் ஏரிகளுக்குப் போகிறது.

குளிர் நாடுகளில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெட்டினால் கூடுதலாகும் செடிகள் அங்கே உண்டு. ஜப்பானிய நாட்வீட்டின் வேர்த்தண்டில் நகத்தளவு துண்டு மிஞ்சினால் போதும், புதுச்செடியாகும். பிரிட்டனில் அதை வேரோடும் மண்ணோடும் எடுத்துப் போடுவதற்குத் தனிச் சட்ட விதிகளே இருக்கின்றன. தோண்டிக் கலைக்காமல், ஒரே இடத்தில் வைத்து வருடக்கணக்கில் முளையை எடுத்துக்கொண்டே இருப்பதுதான் மருந்தில்லாத வழி, அதுவும் சின்ன இடத்துக்கு மட்டும். அய்லாந்தஸ் மரத்தை வெட்டினால் சுற்றிலும் வேர்க்கன்றுகள் வரிசையாக எழும். ராட்சத ஹாக்வீட்டின் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும், அதை வெறுங்கையால் தொடவே கூடாது. இதற்கு நேர்மாறாக இமாலய பால்சம் மிகச் சுலபமானது: மேலோட்டமான வேர், பூவுக்கு முன் பிடுங்கினால் முடிந்தது. விதை மண்ணில் இரண்டு வருடம் போல்தான் தாங்கும், ஆகவே ஓடையின் மேல்பகுதியிலிருந்து புது விதை வராத இடமாக இருந்தால் விடாமல் மூன்று வருடம் பிடுங்கினால் அந்த இடம் சுத்தமாகிவிடும்.

எடுத்த இடத்தை வெறுமையாக விடக் கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். வெயில் விழும் வெற்றுமண்ணைப் பிடித்துக்கொள்வதில்தான் இந்தச் செடிகள் கெட்டிக்காரர்கள். உங்களுக்கு வேண்டிய செடி வளர்வதற்குக் காலம் ஆகும் என்றால், இடைக்காலத்துக்கு வேகமாக மூடும் பயிரை விதைத்துவிடுங்கள். வெப்பமான இடத்தில் சணப்பை, தட்டைப்பயறு. குளிர்ந்த இடத்தில் க்ளோவர், ரை. பார்த்தீனியத்தோடு போட்டியிட்டு அதை ஒடுக்கக்கூடிய செடிகளில் தகரை நன்கு அறியப்பட்டது. சரிவான நிலமாக இருந்தால் முழுவதையும் ஒரேயடியாகச் சுத்தம் செய்யாதீர்கள், அடுத்த மழையில் மேல்மண் போய்விடும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு நான் பின்பற்றுவது ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகளின் முறை. 1960-களில் சிட்னியில் தங்கள் வீட்டருகே இருந்த காட்டை மருந்தில்லாமல் கையால் மீட்டவர்கள் அவர்கள். களை மிக மோசமாக இருக்கும் இடத்தில்தான் நமக்குக் கை பரபரக்கும். அவர்கள் சொன்னது நேர் எதிர்: நல்ல செடிகள் அதிகமாகவும் களை கொஞ்சமாகவும் இருக்கும் இடத்தில் தொடங்கி, மோசமான இடத்தை நோக்கிப் போ, மண்ணை முடிந்த அளவு கலைக்காதே, மீண்டு வரும் நல்ல செடிகளின் வேகத்துக்கு மேல் போகாதே. நல்ல இடத்தில் உழைப்பு குறைவு, பக்கத்துச் செடிகளே காலியிடத்தை நிரப்பிவிடும். மோசமான இடத்தில் தொடங்கினால் இருக்கிற தெம்பெல்லாம் அங்கேயே போய்விடும், அதற்குள் நல்ல இடமும் கெட்டுவிடும்.

உங்கள் இடத்துக்கு இதைப் பொருத்தினால்: அடுத்த மழைக்குப் பிறகு முழு வளாகத்திலும் பூக்காத பார்த்தீனியத்தை மட்டும் பிடுங்குங்கள். பூத்துவிட்டவற்றின் தலையை முதலில் பைக்குள் நறுக்கிப் போட்டுக்கொண்டு அப்புறம் செடியை எடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதே சுற்று. அந்தச் சுற்றுகளுக்கு நடுவில், வீட்டுக்கு அருகிலிருந்து தொடங்கி, உண்ணித் தூர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துவையுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து போதும், எடுத்த இடத்துக்கு அன்றே அட்டையும் மூடாக்கும் போட முடிந்த அளவு மட்டும் எடுங்கள். கோரைப் பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்து, அங்கே பயன்படுத்தும் களைக்கொத்தியையும் செருப்பையும் மண் போகக் கழுவிய பின்தான் மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகுங்கள். தொட்டிச் செடியோ மண்ணோ எருவோ வெளியிலிருந்து வந்தால், தோட்டத்தில் கலக்கும் முன் ஓரமாக வைத்து நனைத்து மூன்று வாரம் பாருங்கள், கோரை இருந்தால் அதற்குள் முளை காட்டிவிடும். வெடேலியாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது மேலும் பரவாதபடி இப்போதே அதன் ஓரம் முழுவதும் ஒரு மண்வெட்டி அகலத்துக்குச் சிறு வாய்க்கால் வெட்டி, அதைத் தாண்டும் கொடிகளை வாரம் ஒருமுறை நறுக்கி எடுங்கள். வேலிக்கு அந்தப்பக்கமும் அதே கொடி இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி, இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் சுருட்டுவதற்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.